ரோபோ எப்படி முடிவெடுக்கிறது? நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும்படி சொல்வது

வீட்டைப் பெருக்கும் ரோபோ ஒன்று நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு திரும்புகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தை, "பாவம், அதுக்கு வலிக்குமா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வி முடிவதற்குள் அடுத்தது வருகிறது: "அங்க நாற்காலி இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முதல் கேள்விக்குச் சிரித்துவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கு, "அது ஏஐ, அதுக்கு எல்லாம் தெரியும்" என்கிறோம். அல்லது "அது வெறும் மெஷின், விடு" என்கிறோம். இரண்டு பதிலுமே தவறு. எல்லாம் தெரிந்த ஒன்று என்று கேட்டு வளரும் குழந்தை, நாளைக்கு அது சொல்வதையெல்லாம் அப்படியே நம்பும். வெறும் மெஷின் என்று கேட்டு வளரும் குழந்தைக்கோ, அந்த மெஷின் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எங்கோ சில மனிதர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தைகளோடு நாளைக் கழிக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர், தாத்தா பாட்டி, மழலையர் பள்ளி ஆசிரியர் எல்லோருக்கும் பொருந்தும். இங்கே சொல்லப்போகும் விளையாட்டுகளுக்குக் கணினி வேண்டாம், திரை வேண்டாம், ரோபோகூட வேண்டாம். ஒரு துணிப்பை, சில வண்ணக் கட்டைகள், சில பந்துகள், இரண்டு பெட்டிகள் போதும். ஆனால் குழந்தையிடம் போவதற்கு முன்னால் நமக்கே சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

## ரோபோ வேறு, ஏஐ வேறு

இந்த இரண்டு சொற்களையும் ஒரே பொருளில் பேசிப் பழகிவிட்டோம். ரோபோ என்பது உடம்புள்ள இயந்திரம். அது எதையாவது உணரும், அதற்கேற்ப நகரும் அல்லது வேறொன்றை நகர்த்தும். செயற்கை நுண்ணறிவு, சுருக்கமாக ஏஐ, என்பது மனிதர் செய்தால் அறிவு வேண்டும் என்று நாம் நினைக்கும் வேலையைக் கணினியைச் செய்யவைப்பது. படத்தில் இருப்பது பூனையா என்று சொல்வது, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது போன்றவை அதில் சேரும். இந்தத் துறைக்குப் பெயர் கொடுத்தது ஜான் மெக்கார்த்தியும் வேறு மூவரும் 1955-இல் எழுதிய ஓர் ஆய்வுத் திட்டம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் அடுத்த ஆண்டு நடந்த கூட்டத்துக்காக அதை எழுதினார்கள்.

ஏஐ இல்லாத ரோபோ உண்டு. தொழிற்சாலையில் ஒரே திருகை ஒரே இடத்தில் நாள் முழுக்க முடுக்கும் இயந்திரக் கை அப்படிப்பட்டது. உடம்பில்லாத ஏஐயும் உண்டு. முகத்தைப் பார்த்துத் திறக்கும் போன் பூட்டு அப்படிப்பட்டது. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

குழந்தைக்கு, "ரோபோவுக்கு உடம்பு இருக்கும். ஏஐக்கு உடம்பு கிடையாது, அது ரோபோவுக்குள்ளயும் இருக்கலாம், போனுக்குள்ளயும் இருக்கலாம்" என்றால் போதும். இதற்கு மேல் இந்த வயதில் தேவையில்லை.

## பார், தேர்ந்தெடு, செய்

பச்சை அட்டையைக் காட்டினால் நடக்க வேண்டும், சிவப்பு அட்டையைக் காட்டினால் நிற்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் விளையாடக்கூடிய இந்த விளையாட்டில்தான் ரோபோவின் முடிவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கண் அட்டையைப் பார்க்கிறது. மனம் எது என்று தேர்ந்தெடுக்கிறது. கால் நடக்கிறது, அல்லது நிற்கிறது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் அந்தத் தேர்வைத்தான் முடிவு என்கிறோம்.

ரோபோவிடம் கண்ணுக்குப் பதில் சென்சார் இருக்கிறது. வெளிச்சம், தூரம், தொடுதல், சத்தம், சூடு போன்ற ஏதாவது ஒன்றை அளந்து மின்சாரச் சமிக்ஞையாக மாற்றும் சின்னக் கருவிதான் சென்சார். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவைப் பாருங்கள். அதன் மேலே இருக்கும் சென்சார், முன்னால் ஏதோ அசைகிறது என்று மட்டும் சொல்கிறது. வருவது ஆளா தள்ளுவண்டியா என்பது கதவுக்குத் தெரியாது. இரண்டுக்கும் திறக்கும்.

பெருக்கும் ரோபோவும் அப்படித்தான். முன்பக்கம் உள்ள தடுப்பு எதிலாவது இடித்து உள்ளே அமுங்கினால் ஒரு பொத்தான் அழுந்தும். பொத்தான் அழுந்தினால் பின்னால் போய்த் திரும்பு என்று அதைச் செய்தவர்கள் அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நாற்காலியா சுவரா என்று எளிய ரோபோவுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. (கேமராவோ லேசரோ வைத்து அறையின் வரைபடம் போடும் ரோபோக்களும் இப்போது இருக்கின்றன. அவற்றிலும் பார், தேர்ந்தெடு, செய் என்ற வரிசை மாறவில்லை.) குழந்தையின் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதிலேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது: அழுந்துவது பொத்தான், வலிக்க அங்கே எதுவும் இல்லை.

ஆனால் குழந்தை "பாவம்" என்று சொன்னதைத் திருத்த அவசரப்பட வேண்டாம். தானாக நகர்வதை உயிருள்ளதாக நினைப்பது இந்த வயதின் இயல்பு. ழான் பியாஜே போன்ற குழந்தை உளவியலாளர்கள் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. 1940-களின் முடிவில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமை ரோபோக்களைச் செய்தார். மூன்று சக்கரம், வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சார், தொடுதலை உணரும் ஒரு சென்சார், உள்ளே வெகு சில மின்பாகங்கள், அவ்வளவுதான். வெளிச்சத்தைத் தேடிப் போகும், முட்டினால் விலகும். பார்ப்பவர்களுக்கு அவை ஏதோ விருப்பத்தோடு உலாவும் பிராணிகள் போலவே தோன்றின. இத்தனை எளிய அமைப்பே உயிரோட்டமாகத் தெரியும் என்றால், குழந்தையின் "பாவம்" எவ்வளவு நியாயமானது என்று யோசியுங்கள்.

இதுவரை சொன்னது: சென்சார் உணர்கிறது, உள்ளே ஒரு தேர்வு நடக்கிறது, உடம்பு செயல்படுகிறது. இனி அந்த நடுப்பகுதிக்கு, தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்குப் போகலாம். அதற்கு மூன்று வழிகளைப் புரிந்துகொண்டால் போதும்.

## முதல் வழி: யாரோ விதி எழுதுகிறார்கள்

இந்த வழிக்கு நீங்கள் ரோபோவாக மாறுங்கள். குழந்தை உங்களை நடத்தட்டும்.

அறையின் மறுகோடியில் ஒரு பொம்மையை வையுங்கள். "நான் ரோபோ. பொம்மையை எடுத்துவர நீதான் சொல்லித் தரணும்" என்று சொல்லுங்கள். "போய் எடு" என்று குழந்தை சொல்லும். அசையாதீர்கள். "எங்கே போகணும்னு ரோபோவுக்குத் தெரியாது. ஒவ்வொரு அடியா சொல்லு." "நட" என்று சொல்லும். நடங்கள், நிற்கவே நிற்காதீர்கள். சுவர் வந்தாலும் மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருங்கள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்ததும் கத்தும்: "சுவர் வந்தா நில்லு!"

அந்த "வந்தா"வுக்காகத்தான் இவ்வளவும். "இப்படி இருந்தால் இப்படிச் செய்" என்ற கட்டளைக்குப் பெயர் விதி. இப்படிப்பட்ட கட்டளைகளை வரிசையாக எழுதி இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது நிரல், ஆங்கிலத்தில் புரோகிராம். நான்கு வயதில் ஒரு குழந்தை தானாகவே ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்துச் சொன்ன அந்த நொடியை வீணாக்காதீர்கள். "அட, இந்த விதியை ரோபோவுக்கு நீ சொல்லிக் கொடுத்துட்ட. முன்னாடி அதுக்கு இது தெரியாது" என்று சொல்லுங்கள். விதி தானாக வருவதில்லை, யாரோ சொல்லிக் கொடுத்து வருகிறது என்பது அங்கேயே பதிந்துவிடும்.

அப்புறம் இடத்தை மாற்றுங்கள். இப்போது குழந்தை ரோபோ, நீங்கள் கட்டளை கொடுப்பவர். வேண்டுமென்றே ஒரு கட்டளையைத் தவறாகச் சொல்லுங்கள். பொம்மை வலப்பக்கம் இருக்க, இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள். ரோபோ சொன்னபடி செய்தது, ஆனாலும் பொம்மை கிடைக்கவில்லை. தப்பு யாருடையது என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், விவாதம் நடக்கட்டும்.

குழந்தைகளை இப்படி இயந்திரத்துக்கு ஆசிரியராக்கும் யோசனை புதிதல்ல. 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். முன்னால் போ, திரும்பு என்று கட்டளையிட்டால் தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோ ஒன்றும் சில ஆண்டுகளில் அதோடு சேர்ந்தது. ஆனால் எழுத்து தெரியாத பிள்ளைகள் தட்டச்சு செய்ய முடியாதே? 1970-களின் நடுவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் அதற்கு வழி செய்தார். பொத்தான்கள் கொண்ட பெட்டியும், துளைகளில் செருகும் அட்டைகளும் வைத்து, மூன்றரை வயதுக் குழந்தைகளும் ஆமையை நடத்தும்படி ஒரு கருவி செய்தார். பிற்காலத்தில் கணினி வலையமைப்புத் துறையில் பெரும் பெயர் பெற்றவர் அவர். இன்று கடைகளில் கிடைக்கும் அம்புக்குறிப் பொத்தான் வைத்த தரை ரோபோ பொம்மைகள் அதே யோசனையின் வழியில் வந்தவைதான். வாங்கினால் நல்லது, வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. சுவரில் மூக்கை ஒட்டி நிற்கும் அப்பாவோ டீச்சரோ அதே பாடத்தை இன்னும் நன்றாக நடத்துவார்கள்.

## இரண்டாவது வழி: எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பது

எல்லாவற்றுக்கும் விதி எழுதிவிட முடியுமா? பூனையையும் நாயையும் பிரிக்க ஒரு விதி எழுதிப் பாருங்கள். நான்கு கால் என்பீர்கள், இரண்டுக்கும் உண்டு. வால், இரண்டுக்கும் உண்டு. காது கூர்மையாக இருந்தால் பூனை என்பீர்கள், கூர்மையான காது உள்ள நாய்கள் எத்தனையோ. சின்னதாக இருந்தால் பூனையா? நாய்க்குட்டி என்ன ஆகும்? கடைசியில், "பார்த்தாலே தெரியுதே" என்றுதான் சொல்ல முடிகிறது.

பார்த்தாலே தெரிவது எப்படி? யாரும் குழந்தைக்கு விதி சொல்லிக் கொடுத்ததில்லை. "அதோ பூனை", "இது நாய்" என்று காட்டிக்காட்டியே பழக்கினார்கள். இயந்திரத்தையும் அப்படிப் பழக்கலாம். விதியை மனிதர் எழுதாமல், நிறைய எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து கணினியே ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளும்படி செய்வதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். இன்றைக்கு ஏஐ என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

உள்ளே நடப்பது என்ன என்று பெரியவர்களுக்காக ஒரு பத்தி. கணினிக்குப் படம் என்பது சின்னச்சின்னப் புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஒரு படத்தைக் கொடுத்தால், கணினி அந்த எண்களைத் தனக்குள் இருக்கும் வேறு எண்களோடு பெருக்கிக் கூட்டி, "பூனை" என்றோ "நாய்" என்றோ ஒரு ஊகம் சொல்கிறது. ஊகம் தவறானால், உள்ளே இருக்கும் எண்கள் மிகச் சிறிதளவு திருத்தப்படுகின்றன. அடுத்த படம், மறுபடியும் ஊகம், மறுபடியும் திருத்தம். இதற்குப் பயிற்சி என்று பெயர். பயிற்சிக்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டுகளின் குவியல்தான் தரவு. 2012-இல் நடந்த ஒரு புகழ்பெற்ற படம் அறியும் போட்டியில், 1000 வகைப் பொருள்களை அடையாளம் காணக் கணினிகளுக்குக் கொடுத்த பயிற்சிப் படங்கள் சுமார் 12 லட்சம். இரண்டு மூன்று பூனைகளைப் பார்த்ததுமே தெருவில் போகும் பூனையைக் காட்டிக் கத்தும் உங்கள் குழந்தையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். "அது உன்னை மாதிரியே கத்துக்குது" என்று குழந்தையிடம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குழந்தை தொட்டு, கேட்டு, துரத்திக் கற்றுக்கொள்கிறது. இயந்திரத்திடம் இருப்பது எண்கள் மட்டும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இரண்டு பெட்டிகளை வையுங்கள். ஒன்றும் பேசாமல், சிவப்புப் பந்துகள் மூன்றை ஒவ்வொன்றாக இடப்பெட்டியில் போடுங்கள். நீலக் கட்டைகள் மூன்றை வலப்பெட்டியில் போடுங்கள். இப்போது ஒரு சிவப்புக் கட்டையைத் தூக்கிக் காட்டி, "இது எந்தப் பெட்டிக்குப் போகும்?" என்று கேளுங்கள்.

சில குழந்தைகள் சிவப்பாக இருப்பதால் இடப்பக்கம் என்பார்கள். சிலர் கட்டையாக இருப்பதால் வலப்பக்கம் என்பார்கள். இரண்டுமே சரியான ஊகம். நிறமா வடிவமா என்று நீங்கள் காட்டிய ஆறு பொருளில் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு எடுத்துக்காட்டு போட்டால்தான் தெரியும். அந்தச் சிவப்புக் கட்டையை இடப்பெட்டியில் போடுங்கள், "ஓ, நிறம்தான்!" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இயந்திரம் தவறு செய்வதற்கான காரணமே இதில் இருக்கிறது. 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓநாயையும் ஹஸ்கி இன நாயையும் பிரிக்க ஒரு கணினியைப் பழக்கினார்கள். பயிற்சிக்கு வேண்டுமென்றே ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி இருக்கும்படியும், நாய்ப் படங்களில் பனி இல்லாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். கணினி விலங்கையே கவனிக்கவில்லை, பனியைப் பிடித்துக்கொண்டது. பனியில் நிற்கும் நாயைக் காட்டினால் ஓநாய் என்றது. சிவப்புப் பந்தில் நிறத்தைப் பிடிப்பதா வடிவத்தைப் பிடிப்பதா என்ற அதே சிக்கல்தான் இது.

விளையாட்டில் இன்னொரு படி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இப்போது ஒரு பச்சைக் காலுறையைத் தூக்கிக் காட்டி, "எந்தப் பெட்டி?" என்று கேளுங்கள். குழந்தை எதிர்ப்புத் தெரிவிக்கும். "இது ரெண்டுலயும் இல்ல!" என்று சொல்லும், அல்லது மூன்றாவது பெட்டி கேட்கும். அங்கேதான் சொல்ல வேண்டும்: "நீ இல்லைன்னு சொல்லிட்ட. பூனை, நாய்னு ரெண்டு மட்டும் கத்துக்கிட்ட ஏஐக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. காலுறையைக் காட்டினாலும் பூனைன்னோ நாய்ன்னோ ஏதாவது ஒண்ணைச் சொல்லும்." இது மிகைப்படுத்தல் இல்லை. தெரியாது என்று சொல்ல ஓர் இடம் ஒதுக்கித் தராவிட்டால், இரண்டு பெட்டி மட்டும் உள்ள இயந்திரம் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். அதுவும் தயங்காமல் சொல்லும். பதிலில் தயக்கம் இல்லை என்பதற்காகப் பதில் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பதை ஐந்து வயதில் ஒரு காலுறையை வைத்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதும் இங்கே முக்கியம். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிறத் தோல் உள்ள ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறத் தோல் உள்ள பெண்களிடம் 34.7 சதவீதம்வரை போனது. இத்தகைய மென்பொருள்களைப் பழக்கவும் சோதிக்கவும் பயன்பட்ட படத் தொகுப்புகளில் வெளிர்நிற முகங்களே மிக அதிகமாக இருந்ததை அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. குழந்தையிடம் எண்கள் வேண்டாம். "பெட்டியில யாரோட படமெல்லாம் போட்டாங்க? யாரோட படத்தைப் போட மறந்துட்டாங்க?" என்று கேட்டால் போதும். மறக்கப்படுவது எப்படி இருக்கும் என்று குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும்.

சுருக்கமாக: முதல் வழியில் மனிதர் விதியைக் கொடுக்கிறார். இரண்டாவது வழியில் மனிதர் எடுத்துக்காட்டுகளைக் கொடுக்கிறார், ஒழுங்கை இயந்திரம் பிடித்துக்கொள்கிறது. அது பிடித்துக்கொண்டது நாம் நினைத்த ஒழுங்காக இல்லாமலும் போகலாம்.

## பேசும் ஏஐ பற்றிக் கொஞ்சம்

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் சாட்பாட்டும் இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். அது படித்தது படங்களை அல்ல, எழுத்துகளை. "ஒரு ஊரிலே ஒரு..." என்று சொல்லி நிறுத்துங்கள். குழந்தை "ராஜா!" என்று முடிக்கும். இதற்கு முன் கேட்ட கதைகளிலிருந்து வந்த ஊகம் அது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்த இடத்தில் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று ஊகித்து ஊகித்துத்தான் சாட்பாட்டும் வாக்கியம் கட்டுகிறது. எந்தப் பதில் நன்றாக இருக்கிறது என்று மனிதர்கள் மதிப்பிட்டுச் சொல்வதை வைத்து அதை மேலும் திருத்துகிறார்கள்.

அந்த ஊரில் நிஜமாகவே ராஜா இருந்தாரா என்று போய்ப் பார்த்துவிட்டுக் குழந்தை ராஜா என்று சொல்லவில்லை. சாட்பாட் சரளமாகச் சொல்லும் பதில் தவறாகிப்போவதும் அதனால்தான். அது "நான்" என்று பேசுவதாலும், இனிமையாகப் பேசுவதாலும், குழந்தை அதை ஆளாக நினைப்பது இயல்பு. சின்னக் குழந்தையை அதனிடம் தனியாக விட்டுப் பேச வைப்பதை நான் விரும்பவில்லை. பெரியவர் பக்கத்தில் இருந்து, வந்த பதிலைச் சேர்ந்து சரிபார்ப்பது நல்லது. பேசும் கருவிக்குக் காது மாதிரி மைக் இருக்கிறது, நம் பேரும் வீட்டு விவரமும் அதனிடம் சொல்வதில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

## குழந்தைகளின் கேள்விகளும் நம் சொற்களும்

"அதுக்கு என்னைப் பிடிக்குமா?", "அது என்னைவிட புத்திசாலியா?", "கோபம் வந்தா என்ன செய்யும்?" இந்த மூன்றும் எப்படியும் வரும். இவற்றுக்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: பதில் சொல்லும் வாக்கியத்துக்குள் மனிதரைக் கொண்டுவந்துவிடுவது.

"அதுக்கு உன்னைப் பிடிக்கும்" என்று சொல்லாமல், "உன் குரல் கேட்டா பாட்டுப் பாடணும்னு அதைச் செஞ்சவங்க சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லலாம். "அது நினைக்குது" என்பதற்குப் பதில் "அது கணக்குப் போடுது" என்று சொல்லலாம். புத்திசாலியா என்று கேட்டால், "ஆயிரம் படத்தை வேகமாப் பிரிக்கும். ஆனா காலுறையைப் பார்த்துப் பூனைன்னு சொல்லும்" என்று நடந்ததை நினைவுபடுத்துங்கள். கோபம் என்றால், "அதுக்குக் கோபம் வராது. ஆனா தப்பாச் சொல்லிக் கொடுத்தா தப்பாச் செய்யும். அதனாலதான் பெரியவங்க அடிக்கடி சரிபார்க்கணும்." பயம் காட்டும் கதைகளை இந்த வயதில் ஒதுக்கியே வைக்கலாம்.

நரம்பு வலையமைப்பு போன்ற பெரிய சொற்களும் வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். மூன்று வயதில் பச்சை, சிவப்பு விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கில் ரோபோ அப்பா, ஐந்தில் பெட்டிகள். குழந்தையைப் பொறுத்து இது முன்பின் ஆகும். நான்கு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். எம்.ஐ.டி. மீடியா லேபில் 2019 வாக்கில் பாப்பாட்ஸ் என்ற பெயரில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஏஐ பாடத்திட்டம் செய்தார்கள். அதில் குழந்தைகள் ஒரு சின்ன ரோபோவுக்குக் கல், காகிதம், கத்தரி விளையாட்டின் விதிகளைச் சொல்லித் தந்து, அப்புறம் அதனோடேயே விளையாடுகிறார்கள். எது எதை வெல்லும் என்று ரோபோவுக்குச் சொல்லிக் கொடுப்பவர் குழந்தைதான் என்பதைக் கவனியுங்கள்.

## மூன்றாவது வழி: செய்துபார்த்துக் கற்பது

இது கடைசி. இதற்குத்தான் துணிப்பையும் வண்ணக் கட்டைகளும்.

1961-இல் டொனால்ட் மிக்கி என்ற பிரிட்டன் ஆய்வாளர், கணினியே இல்லாமல், கற்றுக்கொள்ளும் ஓர் இயந்திரம் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது 304 தீப்பெட்டிகள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் பெருக்கல் குறியும் வட்டமும் போட்டு விளையாடுவோமே, அந்த ஆட்டத்தில் இயந்திரத்தின் முறை வரும்போது இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி (கட்டத்தைத் திருப்பினால் ஒன்றாகிவிடும் நிலைகளுக்கு ஒரே பெட்டி). பெட்டிக்குள் பல வண்ண மணிகள், ஒவ்வொரு வண்ணமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கி, எந்த மணி வருகிறதோ அந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும். ஆட்டத்தில் ஜெயித்தால், பயன்படுத்திய வண்ணத்திலேயே கூடுதல் மணிகளைப் பெட்டிகளில் சேர்த்தார். தோற்றால் அந்த மணிகளை எடுத்துவிட்டார். ஆடிக்கொண்டே போகப்போகத் தீப்பெட்டிகள் நன்றாக ஆடின. இப்படிச் செய்துபார்த்து, பலன் நல்லதானால் அந்தத் தேர்வுக்கு வாய்ப்பைக் கூட்டியும், மோசமானால் குறைத்தும் கற்பதற்கு வலுவூட்டக் கற்றல் என்று பெயர். கணினிகள் பல விளையாட்டுகளில் மனிதரை வென்றதற்குப் பின்னாலும், ரோபோக்கள் நடக்கப் பழகுவதற்குப் பின்னாலும் இந்த வழி இருக்கிறது.

நம் விளையாட்டுக்கு ஒரே ஒரு பை போதும். இரண்டு சிவப்புக் கட்டை, இரண்டு நீலக் கட்டை உள்ளே போடுங்கள். (மணி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரிய கட்டைகளே நல்லது.) தரையில் இரண்டு பாதைகள் வரையுங்கள். வலப்பாதையின் முடிவில் பொம்மை இருக்கட்டும். சிவப்பு வந்தால் இடப்பாதை, நீலம் வந்தால் வலப்பாதை. குழந்தை பார்க்காமல் கையை விட்டு ஒரு கட்டையை எடுக்கிறது, வந்த நிறப்படி நடக்கிறது. பொம்மை கிடைத்தால், எடுத்த கட்டையைத் திரும்பப் போட்டு, கூட இன்னொரு நீலமும் போட வேண்டும். கிடைக்காவிட்டால் எடுத்த சிவப்பை வெளியே வைத்துவிட வேண்டும், ஆனால் கடைசிச் சிவப்பை மட்டும் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு தடவைக்குள் பை பெரும்பாலும் நீலமாகிவிடும். "பை கத்துக்கிச்சு!" என்று குழந்தை கூவும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுங்கள். உள்ளே மூளை இல்லை, ஆசை இல்லை, கட்டைகள்தான் இருக்கின்றன. கட்டைகளின் எண்ணிக்கை மாறியிருக்கிறது, அதுதான் அந்தக் கற்றல். பொம்மை கிடைப்பதுதான் வெற்றி என்று பைக்குச் சொன்னது யார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, குழந்தைக்குத் தெரியும்படியே பொம்மையை இடப்பாதைக்கு மாற்றி வைத்துவிட்டு விளையாட்டைத் தொடருங்கள். இனிமேல் பொம்மை கிடைத்தால் ஒரு சிவப்பு கூடும், கிடைக்காவிட்டால் ஒரு நீலம் குறையும். பொம்மை இடம் மாறியது பைக்குத் தெரியாது. நீலம், நீலம், மறுபடியும் நீலம் என்றே வரும். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு நீலம் வெளியே வந்தாலும், பழைய பாடம் கரைய நேரமாகும். நாலைந்து முறை வெறும் பாதையில் போய்த் திரும்பியதும், பொறுக்க முடியாத ஏதாவது ஒரு குழந்தை பைக்குள் கையை விட்டு, நீலக் கட்டைகளை அள்ளி வெளியே போட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சிவப்பையெல்லாம் உள்ளே திணிக்கும். அதைத் தடுக்காதீர்கள்.